நாளைய திகதி

அவர் வீட்டு நாட்காட்டியில் எப்போதும் நாளைய திகதிதான் இருக்கும். காலையில் எழுந்து செபம் சொல்லி முடித்த கையோடு அன்றைய தாளைக் கிழித்துவிடுவார். ஏன் என்று கேட்டால், "இண்டைக்கு என்ன நாள் எண்டு எனக்குத் தெரியும்தானே தம்பி. தெரிஞ்சதை ஏன் சுவரில மாட்டி வைக்க?" என்பார். கிழித்த தாளும் வீணாகாது. அதன் பின்பக்கத்தில் நாளைக்கு வாங்க வேண்டிய சாமான்களை எழுதி, மடித்து, கைப்பைக்குள் வைத்துவிடுவார்.

அந்த நாட்காட்டியால் நான் ஒரு தடவை அவமானப்பட்டிருக்கிறேன். அப்போது நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் பக்கமாக ஒரு கந்தோரில் கிளாக்கராகச் சேர்ந்த புதிது. கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கைக்குள் வாடகைக்குக் குடியிருந்தேன். எதிர்வீட்டு மாடியில் இருந்தவர் அவர். ஒரு நாள் வேலைக்குப் போகிற வழியில் லீவுக் கடிதம் ஒன்றை அவருடைய மேசையில் வைத்து அவசரமாக எழுதி, சுவரைப் பார்த்துத் திகதியைப் போட்டுக்கொண்டு ஓடினேன். கந்தோரில் பெரிய கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு எழுதப்போற கடிதத்தை இண்டைக்கே கொண்டு வந்திருக்கிறீர். நல்ல கெட்டிக்காரன்தான் ஐசே." ஒரு மாதத்துக்கு அதைச் சொல்லிச் சொல்லியே சிரித்தார்கள்.

ஒழுங்கையில் எல்லாரும் அவரை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவோம். பெயர் இருந்தது. அதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணம் செய்யவில்லை. புதுக்கடையில் ஒரு பிறக்டர் சட்டத்தரணியின் கந்தோரில் முப்பது வருடத்துக்கு மேல் தட்டெழுத்துப் பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அறியும்போது எழுபதைத் தாண்டியிருந்தார். நாளைக்கு வழக்கென்றால் இன்றைக்கு மத்தியானத்துக்குள் அத்தனை பத்திரமும் தட்டி, நூல் கோத்துக் கட்டி, மேசையில் அடுக்கிவிட்டுத்தான் மிஸ் சாப்பிடப் போவார் என்று அந்தப் பிறக்டர் ஊரெல்லாம் பெருமை பேசுவாராம். வேலை விட்டுப் பத்து வருடமாகியும் அந்தப் பழக்கம் மட்டும் விடவில்லை. கடிதம் தட்டுவிக்கப் போனவர்கள் யாராவது, "மெல்லமாச் செய்யுங்கோ மிஸ், நாளைக்கு வந்து எடுக்கிறன்" என்றால், கையை ஆட்டி மறுத்துவிடுவார்.

"இருங்க, இப்பவே தாறேன். நாளைக்கு எனக்கு ஒரு வேலையும் இருக்கக் கூடாது."

இந்த வசனத்தை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்லுவார். நாளைக்கு வேலை இல்லாமல் இருந்து என்ன செய்யப்போகிறார் என்று நான் கேட்டதில்லை. நாளைக்கும் அவர் அதற்கு மறுநாள் வேலையைத்தான் செய்துகொண்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

அவருடைய வீட்டுக்குக் கீழே ஒரு கருவாட்டு வியாபாரியின் ஸ்டோர். லொறி வருகிற அன்று திறப்பார்கள், மற்ற நாட்களில் பூட்டுத்தான். ஆகவே அந்தக் கட்டடத்தில் அவர் ஒருத்தர்தான். வெளிப்பக்கமாக ஒரு மரப் படிக்கட்டு. மேலே ஒரு முன்னறை, ஒரு படுக்கையறை, பின்னால் குசினி. முன்னால் எங்கள் வீட்டைப் பார்த்தபடி ஒரு சின்ன பல்கனி.

சனிக்கிழமைப் பின்னேரப் பூசை கண்டால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குச் சரி என்று கோயிலில் அறிவித்த நாளன்று அவருக்கு வந்த சந்தோஷம் எனக்கு இன்றும் ஞாபகம். "திருச்சபைக்கு இப்பதான் புத்தி வந்திருக்கு" என்றார். அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவர் கோயிலுக்குப் போனதில்லை. விடியற்காலைத் தேத்தண்ணியை முதல் நாள் பின்னேரமே ஊற்றி பிளாஸ்க்கில் அடைத்து வைப்பார். அதை எனக்கும் தருவார். வெதுவெதுப்பாகக்கூட இருக்காது. நான் குடிப்பேன்.

மழை விஷயத்தில் மட்டும் அவருடைய இந்தக் குணத்தால் ஒழுங்கைக்கே லாபம். வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். மிஸ் பல்கனிக்கு வந்து என் மனைவிக்குக் குரல் கொடுப்பார்: "பிள்ளை, உடுப்பை எடுங்க!" மனைவி அண்ணாந்து பார்ப்பாள். ஒரு பொட்டு மேகம் இருக்காது. ஆனாலும் எடுத்துவிடுவாள். அரை மணித்தியாலத்தில் துறைமுகப் பக்கமிருந்து மழை இறங்கும். ஒரு தடவைகூடக் கணக்குப் பிழைத்ததாக எனக்கு நினைவில்லை.

பிழைத்தது குளிசை விஷயத்தில். பிரஷருக்குக் காலையில் ஒரு குளிசை என்று டொக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். மிஸ் அதை முதல் நாள் பின்னேரமே விழுங்கத் தொடங்கினார். காலையில் எழுந்ததும், விழுங்கினேனா இல்லையா என்று ஒரு சந்தேகம். சந்தேகத்துக்கு இன்னொன்று. இப்படி எத்தனை நாள் நடந்ததோ, ஒரு சனிக்கிழமைப் பூசை முடிந்து கோயில் படியில் இறங்கும்போது தலை சுற்றி விழுந்துவிட்டார். நெற்றியில் காயம். நானும் மனைவியும்தான் போய்க் கூட்டிவந்தோம். டொக்டர் நல்ல சிங்களவர், எங்களோடு தமிழும் பேசுவார். "மிஸ், இண்டைக்குக் குளிசை இண்டைக்கு. நாளைக்குக் குளிசை நாளைக்கு. ஹரித, சரியா?" என்று விரலை நீட்டிச் சொன்னார். மிஸ் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

செய்தி கேட்டு வத்தளையிலிருந்து அவருடைய அக்காவின் மகள் வந்தா. பள்ளிக்கூட ரீச்சர். மூன்று பிள்ளைகள், புருஷனின் தாய் தகப்பன், இரண்டு அறை வீடு. பொல்லாதவ என்று சொல்ல முடியாது. அன்றைக்கு மிஸ்ஸின் முன்னறையில் நாங்கள் நாலு பேரும் இருந்தோம்.

"சின்னம்மா, நான் வத்தளையில இருந்து ஓடி வாறதுக்குள்ள உங்களுக்கு ஏதும் ஆனா என்ன செய்றது? சிஸ்டர்மாரிட மடத்தில கதைச்சிட்டேன். கட்டில் ஒண்டு இருக்கு."

"நான் அங்க போகல்ல."

"அங்க உங்களைப் பாக்க ஆள் இருக்கு."

"அங்க மணி அடிச்சாத்தான் சாப்பாடு, மணி அடிச்சாத்தான் குளிப்பு. ஒரு வேலையை முன்னுக்குச் செய்து வைக்க விட மாட்டாங்க. நான் அங்க இருந்து என்னத்தைச் செய்ய?" என்றார் மிஸ். குரல் நடுங்கியது. அவருடைய குரல் நடுங்கி நான் அன்றுதான் கேட்டேன்.

"அப்ப ஒவ்வொரு நாளும் உங்களை ஆராவது வந்து பாக்கணும். அப்பிடி ஆள் இருந்தா நான் ஒண்டும் சொல்லல்ல."

எனக்கு வாய் முந்திவிட்டது. "நான் இருக்கிறன்தானே அக்கா. ஒவ்வொரு நாளும் காலமை கந்தோருக்குப் போக முதல் நான் ஏறி வந்து பாக்கிறன்" என்றேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மிஸ் எழுந்து போய் பிளாஸ்க்கைத் திறந்து எனக்கு ஒரு கோப்பை ஆறிய தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். நல்ல மனிதன் என்று நாலு பேர் நினைப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். அன்றைக்கு அந்தத் தேத்தண்ணிகூட ருசியாக இருந்தது.

அடுத்த கிழமை மிஸ் என்னிடம் ஒரு நீள உறையைத் தந்தார். உள்ளே தமிழில் தட்டிய ஒரு தாள், காபன் பிரதி. அவருடைய மரண அறிவித்தல். வானொலியில் வாசிப்பதற்குத் தோதாக, ஒரு சொல் கூடாமல் குறையாமல். கொட்டாஞ்சேனை இன்ன ஒழுங்கையைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற தட்டெழுத்தாளர், இன்னாரின் மகள், இன்னாரின் சகோதரி, பிறகு திகதிக்கு ஓர் இடைவெளி, 'அன்று தனது இல்லத்தில் காலமானார்'. கடைசி வரியில், 'தகவல்' என்று போட்டு என் பெயர்.

"என்ன மிஸ் இது! பெறாமகள் இருக்க, என்ர பெயரைப் போட்டிருக்கிறீங்கள்?"

"தினமும் என்னைப் பாக்கிறது நீங்கதானே தம்பி. அப்ப முதல்ல தெரியப்போறதும் உங்களுக்குத்தானே" என்றார், அடுத்த வழக்குக்குச் சாட்சியின் பெயரைச் சொல்லுகிற மாதிரி. "மூலப் பிரதி என்ட அலுமாரியில, இடது பக்கம். திகதியை மட்டும் போட்டாச் சரி."

சிரித்துக்கொண்டே வாங்கி எங்கள் மேசை லாச்சிக்குள் போட்டேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

இனி நான் சொல்லப்போவது எல்லாம் என் வண்டவாளம். முதல் இரண்டு மாதம் சொன்ன சொல் காப்பாற்றினேன். காலை ஆறேகாலுக்குப் படியேறுவேன், கதவைத் தட்டுவேன். மிஸ் வெளிக்கிட்டு, தலை வாரி, காத்திருப்பார். தேத்தண்ணி. பிறகு கதை. நேற்று என்ன நடந்தது என்று அவர் கதைப்பதில்லை. நாளைக்கு என்ன சமைப்பது, அடுத்த மாதம் பல்கனிக் கம்பிக்குப் பெயின்ற் அடிப்பது, வருகிற நத்தாருக்கு யார் யாருக்குக் காட் அனுப்புவது. நான் மணிக்கூட்டைப் பார்ப்பேன். கொலன்னாவைக்கு இரண்டு பஸ் எடுக்க வேண்டும். முதல் பஸ்ஸை விட்டால் கந்தோரில் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு இழுத்துவிடுவார்கள். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைப்பவர்களைப் பெரிய கிளாக்கர் தலையை நிமிர்த்திப் பார்ப்பார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் நான் அந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தேன்.

"மிஸ், இப்பிடிச் செய்வம். காலமை எழும்பினவுடனை முகம் துடைக்கிற துவாய் ஒண்டைப் பல்கனிக் கம்பியில போட்டுவிடுங்கோ. நான் கீழ நிண்டு பாப்பன். துவாய் இருந்தா மிஸ் சுகம். இல்லாட்டி உடனை ஓடி வந்திடுவன்."

மிஸ் பிளாஸ்க்கின் மூடியைத் திருகி இறுக்கினார். "அப்ப மேல வர மாட்டீங்க" என்றார்.

"சனி, ஞாயிறுகளில வருவன் மிஸ்."

"சரி. நல்ல யோசனை தம்பி." அன்று பின்னேரமே அந்த ஏற்பாட்டை இரண்டு பிரதியாகத் தட்டி ஒன்றை எனக்குத் தந்தார். காலை ஆறரைக்கு முன் துவாய் தொங்க வேண்டும், மத்தியானம் எடுக்கப்படும், தொங்காத பட்சத்தில் எதிர்வீட்டார் வந்து பார்க்க வேண்டும் என்று இலக்கமிட்டு எழுதியிருந்தார். மஞ்சள் துவாய் ஒன்றை அதற்கென்றே ஒதுக்கினார். நான் இந்தக் கதையைக் கந்தோரில் சொன்னேன். எல்லாரும் மெச்சினார்கள். பெரிய கிளாக்கர்கூட, "மூளை இருக்குதையா உமக்கு" என்றார்.

சனி, ஞாயிறுகளில் முதலில் போனேன். பிறகு சனி மட்டும். பிறகு பல்கனியில் அவர் நிற்பதைக் கண்டால் கீழே நின்றே கைகாட்டிவிட்டுப் போவேன்.

ஒரு மழைக்காலத்து வியாழக்கிழமை ஆறரை தாண்டியும் துவாய் இல்லை. குடையோடு ஒழுங்கையில் நிற்கிறேன். காற்சட்டைக் கால் நனைகிறது. ஏற்பாட்டின்படி நான் ஓடிப் போயிருக்க வேண்டும். ஓடவில்லை. "மிஸ்! மிஸ்!" என்று கீழே நின்று கத்தினேன். என் குரலில் இருந்தது பயமல்ல, எரிச்சல். அது எனக்கே கேட்டது. கொஞ்ச நேரத்தில் மிஸ், வாராத தலையோடு சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து துவாயைப் போட்டார்.

"மன்னிச்சுக்குங்க தம்பி. கால் ரெண்டும் விறைச்ச மாதிரி இருந்துச்சு. எழும்ப ஏலாமப் போச்சு."

கால் ஏன் விறைத்தது என்று நான் கேட்டிருக்கலாம். எத்தனை நாளாக என்று கேட்டிருக்கலாம். டொக்டரின் டிஸ்பென்சரி ஒழுங்கை முனையில்தான். நான் கேட்டது வேறு.

"இன்னும் கொஞ்சம் முந்தி, வேளைக்கே போட்டுவிட்டீங்களெண்டா எனக்கு லேசு மிஸ்."

"ஓம் தம்பி, ஓம். இனிப் பிந்தாது."

பிந்தவில்லை. அதன் பிறகு ஒரு நாள்கூடத் துவாய் பிந்தவில்லை. நான் கதவைத் திறக்கும்போதே மஞ்சள் தெரியும். நடையைக் குறைக்காமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போய்விடுவேன். ஒரு தடவை மனைவி சொன்னாள்: "நான் விடிய அஞ்சு மணிக்குப் பைப்படிக்குப் போகேக்கையே துவாய் தொங்குதப்பா. மிஸ் நித்திரையே கொள்ளுறேல்லையோ?"

"வயசு போனா நித்திரை குறையும்" என்றேன், எல்லாம் தெரிந்தவனாக.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் துவாய் இருந்தது. பார்த்தேன், போனேன். வரவுப் புத்தகத்தில் கோட்டுக்கு மேலே கையெழுத்து வைத்தேன். மத்தியானம் பெரிய மழை. பின்னேரம் வீட்டுக்குத் திரும்பும்போது துவாய் இன்னும் கம்பியில், நீர் சொட்டச் சொட்டக் கிடந்தது. அதையும் பார்த்தேன். எடுக்க மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மனைவி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். "மத்தியானம் மழை வரேக்க மிஸ் எனக்குக் குரல் குடுக்கேல்லை. உடுப்பெல்லாம் நனைஞ்சு போச்சு. அவவின்ர துவாயும் நனைஞ்சு கிடக்கு. எனக்கு ஏதோ மாதிரி இருக்கப்பா."

"காலமை துவாய் இருந்ததுதானே. நல்லாத்தான் இருப்பா. நாளைக்குக் கேப்பம்."

மனைவி என்னைப் பார்த்த மாதிரிப் பெரிய கிளாக்கர்கூடப் பார்த்ததில்லை. இறங்கிப் போய்ப் படியேறினாள். கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு என்னைக் கூப்பிட்ட சத்தம்.

ஒழுங்கை முனைக் கடை முதலாளி இரும்புக் கம்பியோடு வந்து கதவை நெம்பினார். மிஸ் குசினி வாசலில் ஒருக்களித்துக் கிடந்தார். உயிர் இருந்தது, நினைவும் இருந்தது. உதடு வெடித்திருந்தது. நாளைக்கென்று ஊற்றி வைத்த பிளாஸ்க் மேசையில், கை எட்டாத உயரத்தில். மனைவி அவருடைய தலையை மடியில் வைத்து, கரண்டியால் தண்ணீர் ஊட்டினாள். முதலாளி, "அய்யோ மிஸ், அய்யோ" என்றபடி கார் பிடிக்க ஓடினார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். நின்ற இடத்தில் கண் சுவரில் போய் முட்டியது.

நாட்காட்டியில் செவ்வாய் இருந்தது. அன்றைக்கும் செவ்வாய். அந்த வீட்டுச் சுவரில் அன்றைய திகதியை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்படியென்றால் அவர் இன்று காலை தாள் கிழிக்கவில்லை. காலையில் எழும்பவே இல்லை. நேற்றிலிருந்து இங்கே கிடக்கிறார். அப்படியென்றால் காலையில் துவாயைப் போட்டது யார்? மனைவியிடம் கேட்டேன். அவள், "இப்ப அதுவா முக்கியம்?" என்றாள்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்தான் என்னால் அவரைத் தனியாகப் பார்க்க முடிந்தது. கட்டிலில் இன்னும் சுருங்கிப்போய்க் கிடந்தார். நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"என்னால உங்களுக்கு வீண் கரைச்சல் தம்பி. பிழை என்ட பக்கம். துவாயை நான் முதல் நாள் பின்னேரமே போட்டுடுவேன்."

"எப்ப இருந்து மிஸ்?"

"நீங்க வேளைக்கே போடச் சொன்ன நாளில இருந்து. காலையில எழும்ப ஏலாமப் போனா நீங்க மழையில நிக்கணுமே. பின்னேரம் நீங்க வந்து கதவைச் சாத்தின உடன போட்டுடுவேன். அப்ப காலைக்கு அந்த வேலை இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "திங்கட்கிழமையும் போட்டிட்டு உள்ள வந்தேன். அப்பதான் விழுந்தேன்."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"காலையில உங்கட கதவு திறந்த சத்தம் கேட்டுச்சு தம்பி. சப்பாத்துச் சத்தமும் கேட்டுச்சு. கூப்பிட்டேன், குரல் வரல்ல. நீங்க அண்ணாந்து பாத்திருப்பீங்க, துவாய் இருந்திருக்கும், சரி எண்டு போயிருப்பீங்க. உங்களில ஒரு பிழையும் இல்ல."

அவர் மனதார அப்படித்தான் நம்பினார். குத்திக்காட்டுகிற பழக்கம் அவரிடம் இல்லை. குத்திக்காட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருந்தால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறேகாலுக்கே எனக்குத் தெரிந்திருக்கும். பஸ் ஒன்றைப் பிடிப்பதற்காகக் கதவைத் துவாய் ஆக்கினேன். துவாயும் பிந்துகிறது என்று அவரை அவசரப்படுத்தினேன். அவருக்கு அவசரம் என்றால் முதல் நாள் என்றுதான் அர்த்தம் என்பது ஒழுங்கையில் என்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? அவருடைய நாட்காட்டியைப் பார்த்து அவமானப்பட்டவனே நான்தான்.

வார்ட் வாசலில் வத்தளைப் பெறாமகள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதா. "நீங்களும் தங்கச்சியும் இல்லாட்டி சின்னம்மா போய்ச் சேர்ந்திருப்பா" என்றா. நான் அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டேன். துவாய்க் கதையை அவவுக்குச் சொல்லவில்லை. மனைவிக்கு அன்றிரவே சொன்னேன்.

மிஸ் மடத்துக்குப் போனார். இந்தத் தடவை யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் மறுக்கவில்லை. வெள்ளையடித்த நீண்ட மண்டபம், இரண்டு பக்கமும் கட்டில்கள். சிஸ்டர்மார் அன்பானவர்கள். நேரத்துக்குக் குளிசை, நேரத்துக்குக் கஞ்சி, நேரத்துக்குப் படுக்கை. உடம்புக்கு அங்கே ஒரு குறையும் இல்லை, முன்னைவிட ஒரு சுற்றுப் பெருத்தும் இருந்தார். நான் முதலில் ஒவ்வொரு ஞாயிறும் போனேன். பிறகு மாதத்துக்கு ஒரு தடவை. என் போக்குத்தான் உங்களுக்கு இப்போது தெரியுமே.

கடைசியாகப் போன அன்று அவர் ஜன்னலோரம் கதிரையில் இருந்தார். கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. எதையாவது மடிக்காமல், எழுதாமல், அடுக்காமல் அந்தக் கைகளை நான் கண்டதே இல்லை. அடுத்த நத்தாருக்கு யாருக்குக் காட் அனுப்புவது என்று கேட்டேன். "அதுக்கு இன்னும் நாள் இருக்கு" என்றார். அப்போதுதான் அவருடைய தலைக்கு மேலே சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கவனித்தேன். மூன்று நாள் பழைய திகதி. யாரும் கிழிக்கவில்லை. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து கையை நீட்டினேன்.

"விடுங்க தம்பி" என்றார் மிஸ். "என்ன அவசரம்?"

அதன் பிறகு ஐந்து கிழமை இருந்தார். மடத்திலிருந்து ஆள் வந்து சொன்னபோது நான் நேராகப் போய் லாச்சியைத் திறந்தேன். உறை அப்படியே கிடந்தது. பெறாமகளும், "சின்னம்மா எழுதி வச்சபடியே குடுங்க" என்று சொல்லிவிட்டா. வானொலி நிலையத்துக்குக் கொண்டுபோனேன். திகதியை மட்டும் பேனாவால் நிரப்பினேன். அறிவித்தல் வாங்குகிறவர் தாளை ஒரு தடவை வாசித்தார். "நல்லா எழுதியிருக்கு, ஒண்டும் திருத்தத் தேவையில்லை" என்றார். பிறகு பேனாவை ஒரு சொல்லில் வைத்துக் கேட்டார்: "இல்லத்திலதானே காலமானவ?"

ஒரு கணம் யோசித்தேன். மரப் படிக்கட்டும் பல்கனியும் கண்ணில் வந்தன.

"ஓம்" என்றேன். "அவவின்ர வீட்டிலதான்."

அன்று பின்னேரம் வானொலியில் அதை வாசித்தார்கள். 'தனது இல்லத்தில்' என்று வந்தபோது மனைவி வேலையை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் வானொலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், தகவல் என்று சொல்லி என் பெயரையும் வாசித்தார்கள்.